ஆர்மோனியம் எங்கே போச்சு

ஜூன் 11, 2025. புதன்

பக்கத்துக் காலி மனையில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். காலையில் ஆரம்பித்த லாரி, சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்த பிறகும் ஓயவில்லை. அலமாரியில் டம்ளர்கள் நடுங்குகின்றன. பகலெல்லாம் பம்பு டெஸ்டிங்கில் மோட்டார் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இது. சிங்காநல்லூரில் மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க வழியில்லை.

இதற்கு நடுவில் பழைய கூட்டாளி ஷாநவாஸ். போன வாரம் பக்ரீத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவன் ஒன்று, பெருநாளுக்கு நான் ஒன்று, பல வருடமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான். இன்றைக்குப் பதிலாக, ஒரு லிங்கோடு வந்தது இது:

“பிரான்சு, நம்ம ஈரோட்டு ரெக்கார்டிங் எல்லாம் தூசி தட்டி எடுத்துப்போட்டேன். இதுவரைக்கும் எங்கயும் வெளிய வராதது. எட்டு ட்ராக். இங்க பெங்களூருல லாஸ்யான்னு ஒரு பொண்ணு கூடச் சேர்ந்து வேலை செஞ்சுது. ஆல்பமா விடலாம்னு இருக்கறேன். ஹெட்போன்ல கேளு, ஸ்பீக்கர்ல வேண்டாம். நீ சரின்னு சொல்லாம விடமாட்டேன்.”

பிரான்சிஸ் என்ற என்னைப் பிரான்சு என்று கூப்பிடுவது அவன்தான். நாங்கள் வாசித்ததை ஆம்பியன்ட் என்பார்கள். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. அவனுடைய மாமாவின் மஞ்சள் குடோன் காலியாகக் கிடக்கும் மாதங்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் ரயில் பிடித்து ஈரோடு போவேன். நான் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் கிட்டாரை வயலின் வில்லால் இழுப்பான். மஞ்சள் நெடியில் இரண்டு பேருக்கும் தும்மல். பிறகு அவன் சவுண்டு வேலைக்குப் பெங்களூர் போனான், எனக்குக் கல்யாணம் ஆனது, கம்பெனி வேலை. எல்லாப் பதிவும் அவனிடம் போயிற்று. ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது வந்து சரி சொல்லு என்கிறான்.

போர் நிற்கட்டும், கேட்கிறேன்.

ஜூன் 12

மனைவி ஜெசிந்தா டீச்சர்; அவளைக் காரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போவது வழக்கம். ஹோப்ஸ் சிக்னலில் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏனுங்க, எவ்வளவு நேரமாப் பேசிட்டு இருக்கறேன்? காது எதுக்கு இருக்குது உங்களுக்கு?”

அவிநாசி ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், பாலம் வேலைக்காரன் இரும்பை இரும்பில் அடிக்கிறான், இவள் வாய்க்குள்ளேயே முனகுகிறாள். நான் என்ன செய்ய? பள்ளிக்கூட வாசலில் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி கழன்று விழாததுதான் பாக்கி.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, போர் லாரிக்காரர்களும் லீவு என்பதால், உட்கார்ந்து கேட்டேன். முதல் ட்ராக். கிட்டார் வருகிறது, குடோன் சுவரில் பட்டுத் திரும்புகிறது. அடியில் எங்கேயோ தண்ணீர் சலசலப்பு மாதிரி ஒன்று, அது அந்த லாஸ்யாவாக இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆர்மோனியம் எங்கே?

இரண்டாவது ட்ராக்கிலும் இல்லை. மூன்றாவதில் பாதியில் நிறுத்திவிட்டேன். பழைய இயர்போன், கரகர என்று சத்தம் வேறு. அதன் கோளாறாகவும் இருக்கலாம். அவசரப்படக் கூடாது.

ஜூன் 16

காந்திபுரத்தில் புது இயர்போன் வாங்கினேன். இனி சாக்கு இல்லை. ஆர்மோனியம் இல்லை.

ஜூன் 18

ஷாநவாஸுக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

“கேட்டேன்டா. அதுல நான் எங்க இருக்கறேன்?”

“என்றா பேசற? ஆரம்பத்துல இருந்து நீதான்டா இருக்கற.”

“உன்ற கிட்டார் இருக்குது. அந்தப் பொண்ணோட சலசலப்பு இருக்குது. என்ற ஆர்மோனியத்தை வழிச்சு வீசிப்போட்ட. அப்புறம் சரி சொல்லுன்னு எதுக்கு எனக்கு அனுப்பற? பேரு போட்டுக்கவா?”

“பிரான்சு, போனை வெச்சுப்போட்டு மறுபடியும் கேளு. ஹெட்போன்ல.”

“ஹெட்போன்லதான் கேட்டேன்! நான் என்ன செவிடனா?”

“நீ மாறவே இல்லடா” என்றான். நான்தான் துண்டித்தேன்.

மாறவே இல்லையாம். யார் மாறாதது? அன்றைக்கும் எல்லாம் அவன் கையில், இன்றைக்கும் அவன் கையில். ஞாயிறு ஞாயிறாக ரயிலில் ஆர்மோனியத்தைச் சுமந்துகொண்டு போனவன் நான். தோள்பட்டை விட்டுப்போகும். அதையெல்லாம் அழித்துவிட்டு... விடு. போகட்டும்.

ஜூன் 19

லாஸ்யாவிடமிருந்து குரல் மெசேஜ். இருபத்தைந்து வயதுகூட இருக்காது போல.

“சார், வணக்கங்க சார். ஷாநவாஸ் சார் ரொம்ப மனசு உடைஞ்சிருக்கார். உங்க ஆர்மோனியத்தை நான் தொடவே இல்லைங்க சார். அதைக் கேட்டுத்தான் என் பகுதியையே பண்ணினேன்.”

‘தொடவில்லை, தூக்கியே போட்டுவிட்டீர்கள்’ என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

ஜூன் 22, ஞாயிறு

நான் புலம்புவது தாங்காமல் ஜெசிந்தா இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினாள். எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்த வேண்டியவள், அசையாமல் இருந்தாள்.

“ஏனுங்க, இது நீங்க வாசிச்சதா?”

“எது?”

“இதா, மூச்சு விடற மாதிரி இழுத்துட்டே இருக்குதே.”

“அது அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பண்ணினது.”

“கம்ப்யூட்டருக்குத் துருத்தி கிரீச்சுங்குமா?”

இவளுக்கு ஆர்மோனியத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரியாதா நான் வாசித்தது? கொடு என்று வாங்கி மாட்டினேன். கிட்டார். தண்ணீர். அவ்வளவுதான். அவளிடம் சொன்னேன், அவனுக்குப் பரிந்து பேசாதே என்று. “நான் அவரை ஒரு தடவைதான் பாத்திருக்கறேன், அதுவும் நம்ம கல்யாணத்துல. நான் எதுக்குப் பரிஞ்சு பேசப் போறேன்?” என்று தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டிலும் எனக்கு ஆள் இல்லை.

ஜூன் 24

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு இடத்தில் தண்ணீர் இல்லாமல் மூன்றாவதாகப் போட்ட போர் முடிந்து, லாரி இன்று போய்விட்டது. மத்தியானமே தண்ணீர் வந்துவிட்டதாம். ஆறு மணிக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவன், அங்கேயே இயர்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியாக ஒரு முறை கேட்டுவிட்டு, முடியாது என்று எழுதிப்போடலாம் என்ற எண்ணம்.

முதல் ட்ராக். ஆர்மோனியம்.

சந்தேகமே இல்லை. என் ஆர்மோனியம். நடுவில் ஒரு ரீடு கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் பேசும், அதுவும் அப்படியே. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பார்த்தாயா, திட்டினதும் பயந்துபோய் அதே லிங்கில் கள்ளத்தனமாகச் சேர்த்துவிட்டான்! கிட்டாரை எடுத்துவிட்டு என்னை வைத்திருக்கிறான், ஐஸ் வைக்கிறானாம். ஜெசிந்தாவிடம் காட்ட வேண்டும் என்று இயர்போனைக் கழற்றி, துணிகளை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். அவளைக் கூப்பிடும் முன் சரியாக வருகிறதா என்று மாட்டிப் பார்த்தேன்.

கிட்டார். ஆர்மோனியம் இல்லை.

ஏதோ பட்டனை அழுத்திவிட்டேன் என்று முதலிலிருந்து வைத்தேன். கிட்டார்தான். கழற்றினேன், மாட்டினேன். ஆர்மோனியம். கழற்றினேன், மாட்டினேன். ஒயரில் எல், ஆர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். எல் வலது காதில் இருந்தால் ஆர்மோனியம். ஆர் வலது காதில் இருந்தால் கிட்டார்.

இடது காதில் எதை வைத்தாலும் ஒன்றும் இல்லை.

காதருகே விரலை உரசிப் பார்த்தேன். வலது பக்கம் சரசர. இடது பக்கம் விரல் இருப்பது தோலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

துணியெல்லாம் தரையில் கிடந்தது. “என்னங்க ஆச்சு?” என்றாள். “ஒண்ணுமில்ல, மழை வரும் போல” என்றேன்.

ஜூன் 25

எப்போதிருந்து? தெரியவில்லை. போனை எப்போதும் வலது காதில் வைப்பேன். படுத்தாலும் இடது பக்கம்தான் தலையணையில். எப்படிடா தெரியாமப் போச்சு உனக்கு? நாற்பத்து மூணு வயசுல?

ஜூன் 26

ஜெசிந்தாவிடம் காரில் சொன்னேன். சாவியைத் திருப்பும் முன்பே சொல்லிவிட்டேன், ஓட்டும்போது சொல்லத் தைரியம் இல்லை.

என் பக்கம் திரும்பினாள். “நான் எந்நேரமும் உங்களுக்கு அந்தப் பக்கம்தானுங்களே உக்காந்திருக்கறேன்” என்றாள். அதை நான் வாயசைவில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். “என்னென்னமோ திட்டிப்போட்டேனே” என்று அழ ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. காது போனவன் நான், அழுவது இவளா? அப்புறம் இரண்டு பேருக்கும் லேட்.

ஜூன் 28, சனி

காது டாக்டர். பிரத்யுஷா என்று பெயர், வேகமாகப் பேசுகிறார், அதனால் ஜெசிந்தாவை என் வலது பக்கம் உட்கார வைத்துக்கொண்டேன். கண்ணாடி அறைக்குள் வைத்து டெஸ்ட். பிறகு இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றைத் தட்டி இடது காதருகே பிடித்தார். ஏதோ ரொம்பத் தூரத்தில். அதன் அடிப்பாகத்தைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கணீரென்று கேட்டது. திடுக்கிட்டுவிட்டேன்.

“நரம்பு நல்லா இருக்குதுங்க. உள்ள சத்தத்தைக் கடத்தற குட்டி எலும்பு ஒண்ணு இறுகிப்போச்சு. அதான் காத்து வழியா வர்ற சத்தம் போய்ச் சேரல. கொஞ்சம் கொஞ்சமா ஆகறதால நிறையப் பேருக்குத் தெரியறதில்லைங்க.”

கம்பெனியில் பேரிங் சத்தம் பார்க்க, ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்துவேன். அங்கே எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். “அப்போ உங்க மோட்டார் எல்லாம் தப்பிச்சுது. ஊட்டுல இருக்கறவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.”

ஜெசிந்தாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதைக்குக் காது மெஷின். ஆபரேஷன் பண்ணலாமா என்பதைப் பிறகு பார்க்கலாமாம்.

ஜூன் 30

மேனேஜரிடம் நானாகவே போய்ச் சொன்னேன். வருடா வருடம் காது பரிசோதனை கேம்ப் போடுகிறார்கள். எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து அனுப்புவது நான். நான் போனதே இல்லை. அவர் அதைத்தான் முதலில் கேட்டார். கேட்கத்தானே செய்வார். டெஸ்டிங்கிலேயே இருக்கலாம், ஆனால் இரைச்சல் அதிகமுள்ள ஷெட்டில் தனியாக நிற்கக் கூடாது, பின்னாலிருந்து வண்டி வந்தால் தெரியாது என்றார். சரிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஜூலை 2

போன் போட்டேன். ஷாநவாஸ் உடனே எடுத்தான், ஹலோ சொல்லவில்லை.

“ஷாநவாஸு, ஆர்மோனியம் இருக்குதுடா.”

“அதான் சொன்னனே.”

“எனக்குத்தான் இடது காது கேக்கல.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவனுக்கு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

“ஏன்டா, என்னைய முழுசா ஒரே பக்கமா தள்ளி வெச்ச?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைக்கவில்லை, அப்படித்தான் வந்தது.

“குடோன்ல நீ ஜன்னலோரம் எனக்கு இடது பக்கம்தான உக்காருவ? அங்கயே வெச்சேன். தனியா. என்ற கிட்டார் உன்ற மேல ஏறி உக்காரக் கூடாதுன்னு.” பிறகு அவசரமாக, “நடுவுல கொண்டாந்துடறேன்டா. ஒரு நாள் வேலை. ரெண்டு காதுலயும் வர்ற மாதிரி பண்ணிடறேன்.”

வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். ஆனால் சரி என்று இப்போது சொல்லமாட்டேன், மெஷின் வரட்டும், முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “எத்தனை மாசமானாலும் சரி” என்றான். இப்படி ஒருவன் நல்லவனாக இருந்தால் எனக்கு என்ன செய்வது என்றே தெரிவதில்லை.

லாஸ்யாவுக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினேன். ‘பரவால்லைங்க சார், டாக்டர் சொன்னபடி கேளுங்க’ என்று பதில் வந்தது. எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இந்த ஊரிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை.

ஜூலை 19

மெஷின் வந்தது. மிக்ஸி, குக்கர், பாத்திரம் எல்லாம் தலைக்குள் வந்து விழுகிறது. பக்கத்து வீட்டு நாய்க்கு இவ்வளவு பெரிய குரலா? கழற்றி வைத்துவிட்டேன். ஜெசிந்தா திரும்ப மாட்டிவிட்டாள். கழற்றினேன். மாட்டிவிட்டாள்.

ஜூலை 27

இன்றும் அப்படியே. சர்ச்சில் பின் வரிசையில் இருமுகிறவர்கள் எல்லாம் என் காதுக்குள்ளேயே இருமுகிறார்கள். பழகிவிடும் என்கிறார் டாக்டர்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மெஷினுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும்படி பெரிய ஹெட்போன் ஒன்றை ஷாநவாஸ் அனுப்பியிருந்தான். எல்லா ஜன்னலையும் சாத்தி, ஜெசிந்தாவிடம் மிக்ஸியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எட்டு ட்ராக்கும் கேட்டேன். இடதில் ஆர்மோனியம், வலதில் கிட்டார். தண்ணீர் என்று நினைத்தது தண்ணீரே அல்ல, என் துருத்தியின் காற்றை எடுத்து அந்தப் பெண் இழை இழையாகப் பிரித்து அடியில் விரித்திருக்கிறாள். குடோன் கூரையில் மழை பிடித்துக்கொள்வதுகூட ஓரிடத்தில் இருக்கிறது. மெஷின் வழியாக ஆர்மோனியம் கொஞ்சம் தகரம் தட்டினாற்போலத்தான் கேட்கிறது. ஆனால் இருக்கிறது.

கடைசி ட்ராக்கின் சுரம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. முடிந்தது என்று ஹெட்போனில் கை வைத்தேன். அப்போது இடது பக்கம் நாற்காலி கிறீச்சிட்டு, ஒரு பையன் குரல்:

“டேய், அந்த விசிறிய நிறுத்தித் தொலைடா. எத்தனை தடவடா சொல்றது உனக்கு?”

நான்தான். அந்த வயதிலேயே இதே எரிச்சல்.

ஷாநவாஸைக் கூப்பிட்டேன். “அதை ஏன்டா வெட்டாம விட்ட?”

“நான் வெட்டிட்டேன். லாஸ்யாதான் எடுத்து மறுபடியும் ஒட்டுச்சு. இது இல்லாட்டி பிரான்சிஸ் சாரே இல்லைன்னு சொல்லிச்சு. நீ அந்தப் பொண்ணைத் திட்டி மெசேஜ் அனுப்பின அன்னைக்கு.”

ஜெசிந்தா சமையலறையிலிருந்து, “மிக்ஸி போடலாமுங்களா?” என்று கேட்டாள். போடு என்றேன். ஷாநவாஸிடம், வெளியே விட்டுவிடு என்று சொன்னேன். விசிறிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.