டாலிவர் மில்லின் இரும்புக் குண்டு

டாலிவர் ஓடை, வர்ஜீனியா
10 ஏப்ரல் 1978, திங்கள்

அன்புள்ள சகோதரர் எம்மெட் அவர்களுக்கு,

சனிக்கிழமை பழைய டாலிவர் மாவு மில்லின் இடிபாட்டில் இருந்தவர்கள் மூன்று பேர், ஒரு நாய். உங்கள் தம்பியும் என் கணவருமான ஹாய்ட், பக்கத்து வீட்டு க்ளோவிஸ், வண்டிக்குள் பின்னல் வேலையோடு நான். நாய் க்ளோவிஸுடையது. வேறு யாரும் இல்லை. பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்றுதான் முதலில் இதை எழுதுகிறேன்.

கர்த்தருடைய கிருபையால் உடம்புக்குச் சுகம்தான். மனசுக்குத்தான் இல்லை. ஆறு வருஷமாக நீங்களும் அவரும் பேசுவதில்லை. நான் உங்களுக்கு எழுதுவது ஹாய்ட்டுக்குத் தெரியாது. உங்கள் மலைக்கு டெலிபோன் கம்பி வரவில்லை, தபாலை நம்பியிருக்கிறேன்.

மில்லின் சக்கரத்துக்குத் தண்ணீர் போன கால்வாயில் ஹாய்ட்டின் உலோகம் தேடும் டிடெக்டர் கத்தியது. தோண்டினார். ஒரு லாடம், நாலைந்து ஆணி, அதற்குக் கீழே சின்ன முட்டைக்கோஸ் அளவில் ஓர் இரும்புக் குண்டு. மில்லில் மூட்டை நிறுக்கும் எடைக்கல் என்கிறார். என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நிலவறையில் தொட்டியில் போட்டு, சலவைச் சோடா கரைத்து, பேட்டரி மின்சாரம் கொடுத்துத் துருவை எடுக்கிறார். இந்த மாதச் சோடா முழுவதும் அதற்கே போயிற்று. அது போகட்டும்.

சர்ச்சின் வருடாந்திர ஒன்றுகூடல் 23ஆம் தேதி. சர்ச்சுக்கு இடம் கொடுத்தது மில்காரக் குடும்பம் அல்லவா, அதனால் அந்த எடைக்கல்லை வாசலில் தொங்கவிட வேண்டுமாம். முந்தின நாள், 22ஆம் தேதி சனிக்கிழமை, துளை போட்டுக் கொக்கி மாட்டப் போகிறார்.

நேற்று ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன். துரு போன இடத்தில் வட்டமாக ஒரு மூடி தெரிகிறது. அது இரும்பு இல்லை. நகத்தால் கீறினால் தடம் விழுகிறது. அதில் கடிகார முகம் போல வளைவாகச் சின்ன எண்கள். ஹாய்ட்டிடம் கேட்டேன். “எடைக் குறி, வேறென்ன. நீ போய் ரொட்டியப் பாரு” என்று சொல்லி, அதன் மேல் ஒரு கந்தலைப் போட்டார். பொக்கிஷம் கிடைத்தால் ஊருக்கே காட்டுகிற மனிதர், இதை ஏன் மூடுகிறார்?

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
வெர்லீன்


13 ஏப்ரல்

அன்புள்ள வெர்லீன்,

குண்டைத் தொடாதே. நிலவறைக்குப் போகாதே. ஷெரிஃபைக் கூப்பிடு.

அது உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு. அந்த எண்கள் எடை இல்லை, வினாடி. பீரங்கியில் சுட்ட பிறகு எத்தனையாவது வினாடியில் வெடிக்க வேண்டும் என்று அதில்தான் குறிப்பார்கள். அந்த அளவு குண்டு முழு இரும்பாக இருந்தால் பன்னிரண்டு பவுண்டு நிற்கும். உன் தராசு ஒன்பது காட்டுகிறதென்றால் உள்ளே பொள்ளல், பொள்ளலுக்குள் வெடிமருந்து. நூறு வருஷம் தண்ணீரில் கிடந்தாலும் அந்த மூடி மருந்தை நனைய விடாது. துளைக் கருவி போனால் வீடே போகும்.

இதெல்லாம் ஹாய்ட்டுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டோம்.

எம்மெட்


15 ஏப்ரல், சனி

அன்புள்ள சகோதரர் எம்மெட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். யார் சொன்னது என்று சொல்லாமல், அது வெடிகுண்டாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஹாய்ட்டிடம் கேட்டேன். உடனே புரிந்துகொண்டார்.

“எம்மெட் மாதிரியே பேசுற. ஆறு வருஷத்துக்கு முன்ன நான் எடுத்த குண்டுக்கு ஷெரிஃப், பட்டாளம் எல்லாத்தையும் கூட்டியாந்தான். ஊரே வேடிக்கை பாக்க வெட்டிப் பாத்தா, வெறும் ஓடு. அன்னைக்கு வெடிச்சது என் மானம் மட்டுந்தான்.”

உண்மைதானே. முடிவெட்டும் கடையில் இன்றைக்கும் அவரைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்கிறார்களாம். இந்தத் தடவையும் நானே கூப்பிட்டு, அதுவும் வெறும் ஓடாக இருந்தால்? உங்களோடு ஆறு வருஷம் பேசாதவர் என்னோடு எத்தனை வருஷம் பேசாமல் இருப்பார்? நீங்கள் மலையில் இருக்கிறீர்கள். நான் அதே மேஜையில் அல்லவா சாப்பிட வேண்டும்?

தொட்டி இருப்பது எங்கள் படுக்கைக்கு நேர் கீழே. கீழே தகரம் உருண்டால்கூட என் வாயில் ஜெபம் வந்துவிடுகிறது. துளைக் கருவிக்குப் புது முனை வாங்கி வைத்துவிட்டார். ஏதாவது வழி சொல்லுங்கள்.

வெர்லீன்


18 ஏப்ரல்

அன்புள்ள வெர்லீன்,

வழி ஒன்றுதான். ஷெரிஃபிடம் என் பெயரைச் சொல். எம்மெட் கடிதம் போட்டான், அவன்தான் புகார் செய்தான் என்று ஹாய்ட்டிடமும் சொல். என் மேல் ஏற்கெனவே இருக்கிற கோபம்தானே, இன்னும் கொஞ்சம் ஏறட்டும். உன் மேஜை உனக்கு மிஞ்சும்.

வெறும் ஓடாக இருந்தாலும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் செய்.

எம்மெட்


24 ஏப்ரல், திங்கள்

அன்புள்ள சகோதரர் எம்மெட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஹாய்ட் மரம் வாங்கப் போயிருந்தார். ஷெரிஃபைக் கூப்பிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் அன்பாகச் சொன்னதுதான், ஆனால் பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு அந்த மேஜையில் நான் எப்படி ஜெபம் சொல்வது?

ராணுவ முகாமிலிருந்து வந்தவர்கள் குண்டை மணல் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தபோது ஹாய்ட் வந்துவிட்டார். தொப்பியைக் கையில் எடுத்தபடி நின்றார்.

“நீயா, அவனா?” என்றார்.

“நான்தான்.”

குண்டைக் கல் குவாரிக்குக் கொண்டுபோனார்கள். அரை மணி கழித்து சத்தம் கேட்டது. வெறும் ஓடு இல்லை, சகோதரரே. அலமாரியில் என் ஊறுகாய் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஹாய்ட் புழக்கடைப் படியில் உட்கார்ந்தார், சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பேச்சில்லை. நேற்று ஒன்றுகூடலில் யாரும் காதைப் பொத்தவில்லை. பொத்தியிருந்தால்கூட அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று தோன்றியது. தட்டில் வைத்த கோழி வறுவல் அப்படியே இருந்தது. இன்று காலை காப்பி ஊற்றும்போது, கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்த எண்களப் பாத்தப்பவே தெரியும் வெர்லீன். தெரியாத மாதிரி இருந்துட்டேன்.” ஒரு வாய் குடித்துவிட்டு, “அது ஒத்தையா வந்து விழுந்திருக்காது. பின்வாங்கிப் போன பட்டாளம் பெட்டியோடதான் தண்ணில தள்ளியிருக்கும். க்ளோவிஸ் புது டிடெக்டர் வாங்கிட்டான். அந்தக் கால்வாயிலதான் கடப்பாரையோட நிக்கிறான், நான் சொன்னா பொறாமைங்கறான். அவன்கிட்ட கேளு.”

“எவன்கிட்ட?” என்றேன், தெரிந்தும்.

“எங்க அண்ணன்கிட்ட. வருவானான்னு.”

ஷெரிஃப் ஆபீஸுக்கும் சொல்லிவிட்டேன். ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை காவல் என்று, ஹாய்ட் காலையிலேயே மில்லுக்குப் போய்க் கால்வாயின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார், க்ளோவிஸைத் தோண்ட விடாமல். ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் என் காது அந்தத் திசையில்தான் இருக்கிறது.

வருவீர்களா, மாட்டீர்களா என்று சீக்கிரம் எழுதுங்கள். உறையின் மேல் என் பெயர் வேண்டாம், ஹாய்ட் பெயரைப் போடுங்கள்.

வெர்லீன்