பாஸில் நான்கு பெயர்

கொண்டாப்பூர்
12 ஜூலை 2025

அன்புள்ள கனகா அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீயே அதை முடித்துவிடுவாய். பாடம் நடத்தி நடத்தி உனக்கு அந்தப் பழக்கம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. சாஹித்யா திங்கட்கிழமை இதை உன் கையில் கொடுப்பாள்.

என் மகளை உன் கல்லூரியில் சேர்த்தது யார் சொல்லி? நீ சொல்லி. "கச்சிபௌலி பக்கமெல்லாம் வேண்டாம், மெட்ரோ ஏறினால் ஹப்சிகுடாவில் இறங்கப்போகிறாள், என் கண் முன்னால் இருக்கட்டும்" என்றாய். நானும் சரியென்று தலையாட்டினேன். வியாழக்கிழமை உன் முதல் வகுப்பு. வளரிளம் பருவத்திலிருந்து முதுமை வரை மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்கிற பாடத்துக்கு அறிமுகம். பெரியம்மா கிளாஸ் என்று ஆசையாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

போர்டில் ஒரு கோடு இழுத்தாயாம். ஒரு முனையில் பன்னிரண்டு வயது, மறுமுனையில் அறுபது. பதினாறில் ஒரு புள்ளி வைத்துக் கதை சொன்னாயாம். ஏதோ ஒரு ஊர், ரயில்வே காலனிப் பெண், பெயர் மீனா. ஒரு பையனுக்காக வீட்டை விட்டு ஓடுகிறாள். ஓடுகிறவள் அப்பாவின் ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு போகிறாள். பாஸில் அப்பா, அம்மா, அக்கா, அவள் என்று நான்கு பெயர். ரயிலில் இருப்பதோ ஒருத்தி. டிக்கெட் பரிசோதகர் "மத்த மூணு பேர் எங்கேம்மா?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் வகுப்பே சிரித்ததாம்.

நம் வெங்கடகிருஷ்ணன் சித்தப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் என்ன சொல்வார்? "ஷோபா கையில மட்டும் பாஸைக் குடுத்துடாதீங்கப்பா." பந்தியே சிரிக்கும். சாஹித்யா சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். எதற்கு என்று தெரியாது. உன் புண்ணியத்தில் இப்போது தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அது நீதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "நேனு கூடா நவ்வேஸேனம்மா" என்று அழுதாள். நானும் சிரிச்சுட்டேன் என்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் யாரும்மா? டாடிக்குத் தெரியுமா? ஐ ஆம் நாட் ஜட்ஜிங்" என்றாள். பெற்ற மகள் எனக்குப் பெருந்தன்மை காட்டுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எத்தனை வருஷமாக என்னைப் போர்டில் நிற்க வைத்துச் சிரிக்கவைக்கிறாய்? ஒரு தடவையாவது என்னைக் கேட்டாயா?

உன் தங்கை,
ஷோபா


ஹப்சிகுடா
15 ஜூலை 2025

அருமைத் தங்கை ஷோபாவுக்கு,

கோபம் தணிந்த பிறகு பதில் எழுதலாம் என்று ஒரு நாள் பொறுத்தேன். தணியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

பெயரை மாற்றினேன். ஊரைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் முறை. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி உன் மகளாகப் போனது இந்த வருஷம் நடந்த விபத்து. அவளும் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். நேராக உன்னிடம் ஓடிவந்திருக்கிறாள்.

முதல் வகுப்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. கோச்சிங்கில் மனப்பாடம் செய்து செய்து, கண்ணில் உயிரே இல்லாமல் வந்து உட்காருகிறார்கள். வளர்ச்சி என்றால் என்ன என்று வரையறையில் ஆரம்பித்தால் போன் மேஜைக்கு அடியில் போய்விடும். கதை சொன்னால் நிமிர்கிறார்கள். பாஸ் வருகிற இடத்தில் சிரிக்கிறார்கள். சிரித்து ஓய்ந்ததும், "உங்களில் யார் இந்த வயதில் இப்படி ஒன்றை யோசிக்கவில்லை?" என்று கேட்பேன். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். அந்த அமைதிக்காகத்தான் சொல்கிறேன், சிரிப்புக்காக இல்லை. போன வருஷம் ஒரு பெண் வகுப்பு முடிந்து என்னிடம் வந்து, தானும் பை கட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். பேசிப் பேசி அவிழ்க்க வைத்தேன். உன் கதையால் ஒரு பெண் இன்றைக்கு அவள் வீட்டில் இருக்கிறாள். அதற்காக நீ சந்தோஷப்பட வேண்டும்.

அதுவும் "என்னைக் கேட்டாயா" என்கிறாய். அன்றைக்கு அங்கே நீ மட்டுமா இருந்தாய்? காஜிப்பேட்டையில் உன்னை இறக்கிவிட்டதாகச் செய்தி வந்தபோது அப்பா ஒர்க்‌ஷாப் உடையோடு அப்படியே கிளம்பினார். அம்மா மயங்கிக் கிடந்தாள், கூடப் போனது நான். ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் அப்பா கைகட்டி நின்றதை நான் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பும்போது உன் பையைக்கூட நீ தூக்கவில்லை, மகாராணி. நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதில் என்னத்தைத் திணித்து வைத்திருந்தாயோ, செகந்திராபாத் வருகிற வரை என் தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

அதோடு முடிந்ததா? "இனிமே இந்த வீட்டுப் பொண்ணு எவளும் தனியா ரயில் ஏறக் கூடாது" என்றார் அப்பா. மெட்ராஸில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஓடியது நீ, அடைபட்டது நான். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் உண்டு. மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்காதே.

மாப்பிள்ளை மணிவண்ணனை விசாரித்ததாகச் சொல். பீர்க்கங்காய்த் துவையல் சாஹித்யாவிடம் கொடுத்திருக்கிறேன். டப்பாவை மறக்காமல் திருப்பி அனுப்பு.

உன் அக்கா,
கனகவல்லி


கொண்டாப்பூர்
18 ஜூலை 2025

அக்காவுக்கு,

டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். துவையல் அதிலேயே இருக்கிறது.

உன் மெட்ராஸ் படிப்பு கைநழுவிப் போனதில் எனக்கும் வருத்தம்தான். பொய்யில்லை. ஆனால் அதை நீ அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து உன் கையால் காபி குடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு, வருஷா வருஷம் ஒரு புது வகுப்பைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாய். நான் அங்கே இல்லாதபோது.

போன வருஷம் பை கட்டிய அந்தப் பெண்ணிடம் எங்கே போகிறாய் என்று கேட்டாயா? இல்லை, வயசு அப்படி என்று நீயே முடிவு கட்டி அவிழ்க்க வைத்தாயா? கேட்டிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

நீ ரயில்வே வீட்டில் பிறந்தவள்தானே? பாஸ் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தசராவுக்கு நாம் எல்லோரும் விஜயவாடா கனகதுர்க்கை கோயிலுக்குப் போக அப்பா வாங்கி வைத்த பாஸ் அது. போகவும் வரவும் சேர்த்து எழுதியது. மறுநாள் சாயங்கால வண்டியில் திரும்பியிருப்பேன். ஓடிப்போகிறவள் திரும்பி வருகிற வழியைக் கையில் வைத்துக்கொண்டு போவாளா? அப்பா பெயர், அம்மா பெயர், உன் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவாளா? அசட்டுத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுப் பாஸில் வீட்டுப் பெண் போகலாம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் உன் வகுப்பு சிரிக்கிற அந்த இடம்தான், நான் ஓடவில்லை என்பதற்குச் சாட்சி.

விஜயவாடாவில் மறுநாள் காலையில் பூப்பந்து ஜூனியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் என் பெயரைக் கொடுத்திருந்தார். "பெரியவளான பிறகு மைதானத்துல என்ன குதிப்பு?" என்று அப்பா மறுத்துவிட்டார். அவ்வளவுதான் கதை. பையன் இல்லை, ஒருத்தனும் இல்லை. ஒரு மஞ்சள் கம்பளிப் பந்துக்காகப் போனேன். நீ என் தலையில் ஒரு காதலனைக் கட்டி, அவனை என் மகள் வரைக்கும் கொண்டுவந்து விட்டாய்.

வளரிளம் பருவமும் முதிர்ந்த பருவமும் சேர்ந்ததுதானே உன் பாடம்? கோட்டில் பதினாறுக்கு அப்புறமும் இடம் விட்டிருக்கிறாய் அல்லவா? அங்கே நான் என்ன ஆனேன் என்று என்றைக்காவது பார்த்தாயா? எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அலுவலகத்தில் என் கீழே ஒரு குழுவே வேலை செய்கிறது. உன் போர்டில் மட்டும் இன்னும் காஜிப்பேட்டையில் தலைகுனிந்து நிற்கிறேன்.

அதே வகுப்பில், அதே பெண்கள் முன்னால் போய்ச் சொல். பையன் இல்லை, திரும்பி வரும் பாஸ் இருந்தது என்று. சொல்லாமல் வரலட்சுமி நோன்புக்கு என் வீட்டு வாசலை மிதிக்காதே.

ஷோபா


ஹப்சிகுடா
1 ஆகஸ்ட் 2025

ஷோபாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வகுப்பில் சொன்னதை வகுப்பில் போய்த் திரும்பப் பெறுவதெல்லாம் நடக்காத காரியம். பாடம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஆனால் இன்றைக்கு நடந்ததற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் மகளை ஏவிவிட்டாயா?

பாடம் முடிந்து, சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். சாஹித்யா எழுந்தாள். "மேடம், அந்த மீனாகிட்ட ரிட்டர்ன் இருந்துச்சா?" என்றாள். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற பெண், அத்தனை பேர் நடுவில் என்னைத் தமிழில் கேட்கிறாள். மற்றவர்களுக்குப் புரியவில்லை என்றதும் இங்கிலீஷில் இன்னொரு முறை கேட்டாள்.

பாடத்துக்குச் சம்பந்தமில்லை, உட்கார் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து, ரிட்டர்ன் இருந்தால் அது ஓடிப்போனது ஆகாதே மேடம் என்றாள். இன்னொருத்தி, அப்படியானால் அவள் எங்கேதான் போனாள் என்றாள். ஜன்னலோரம் இருக்கிற ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். அவள் எழுந்து, அந்தப் பையனை யார் பார்த்தது என்று கேட்டாள். கடைசியில், "எனக்குத் தெரியாது, நான் அவளைக் கேட்கவில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி வந்ததே இல்லை.

உனக்குக் கோபம் தீர்ந்திருக்கும். எனக்குத் தீரவில்லை. முப்பது வருஷமாக வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? அன்றைக்கே சொல்லியிருந்தால் அப்பாவிடம் உனக்காக நான் சண்டை போட்டிருப்பேன். நீ பிழைத்திருப்பாய், நானும் மெட்ராஸ் போயிருப்பேன். ஒரு வார்த்தை, ஷோபா. காஜிப்பேட்டையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நோன்புக்கான அம்மன் முகம் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அலங்காரத்துக்கு நான் வரட்டுமா, வேண்டாமா?

கனகவல்லி


கொண்டாப்பூர்
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

நான் யாரையும் ஏவவில்லை. அவள் என்னைக் கேட்டாள், நான் நடந்ததைச் சொன்னேன். மீதி அவளாகச் செய்தது. உன் மாணவிதானே.

காஜிப்பேட்டையில் நான் சொன்னேன், அக்கா.

அப்பா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாம் இருவரும் வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றோம். நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, "யாருடி அவன்?" என்றாய். "யாரும் இல்லக்கா, பூப்பந்து செலக்‌ஷனுக்குப் போனேன்" என்றேன். "பொய் சொல்லாதே" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தாய். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம் இல்லை, மணிவண்ணனிடம்கூட இல்லை. நீயே நம்பாததை வேறு யார் நம்பப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். உனக்கு அது மறந்தே போயிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது அறையை விட அதுதான் வலித்தது.

செகந்திராபாத் வருகிற வரை உன் தொடையில் குத்தியது என் பேட்டின் கைப்பிடி. வழி முழுக்க உன் மடியில்தான் இருந்தது. நீ ஜிப்பைத் திறந்து பார்க்கவில்லை.

அம்மன் முகத்தைச் சாஹித்யாவிடம் கொடுத்து அனுப்பு. இந்த வருஷம் அலங்காரத்தை நானும் அவளும் செய்துகொள்கிறோம். நீ வர வேண்டாம்.

அடுத்த வருஷம் முதல் வகுப்பில் கதையை நிறுத்த வேண்டியதில்லை. கோட்டைப் போடு, பதினாறில் புள்ளியை வை. பையனை எடுத்துவிட்டு, அந்த அறையைச் சேர்த்துக்கொள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் மீனா என்று சொல்லாதே. என் பெயரைச் சொல்.

ஷோபா