துவாதசிக் காலை ரத்தம்

இன்று காலை லேபைத் திறந்ததும் ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சீக்கிரம் எடுத்துடும்மா, விரதம் முடிக்கணும்" என்றார். நேற்று ஏகாதசி. மேற்கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அது காயும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும். அந்த வாசனையில் உங்கள் கை நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போன இந்த மூன்று வருடமும் அப்படித்தான்.

நீங்களும் துவாதசி அன்றுதானே கை நீட்டுவீர்கள்? மற்ற நாளில் கூப்பிட்டால் ஆயிரம் வேலை. ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் நல்ல பிள்ளையாக வந்து உட்காருவீர்கள். சர்க்கரை நூற்றுப் பத்தைத் தாண்டாது. அந்தச் சீட்டைத் தெரு முழுக்கக் காட்டி, "என் பெண்டாட்டியே டெஸ்ட் பண்ணினது" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரத்தம் எடுப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளிடமா இந்த வேலை?

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை முடிந்து திரும்பும்போது, நம் வீடிருக்கும் ஸ்ரீரங்கத்தில் இறங்காமல் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போய் ஜிலேபி தின்றுவிட்டு வருவீர்கள். சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் பஸ் டிக்கெட் இருக்கும். சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கும் வெறும் வயிற்று ரத்தம் அந்த ஒரு காலையை மட்டும்தான் சொல்லும். ஊதா மூடிக் குழாயில் எடுப்பது மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். ஒரு நாள் பட்டினி அங்கே எடுபடாது.

ஒரு துவாதசியன்று, சாம்பல் மூடி நிரம்பியதும் ஊசியை எடுக்காமல் ஊதா மூடியையும் நிரப்பினேன்.

"அது எதுக்கு?" என்றீர்கள்.

"மூணு மாசமா சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு இதுல தெரியும்ங்க."

"மூணு மாசமும் உன்கூடத்தானே இருந்தேன்? அதைத் தூக்கிப் போடு. இல்லேன்னா இனிமே உன்கிட்ட கையே நீட்ட மாட்டேன்."

"சரி, போட்டுடறேன்" என்றேன்.

போடவில்லை. குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, உங்கள் பெயரை எழுதி, மெஷினில் வைத்தேன். அதில் ஆறரை சதவீதம் வந்தாலே சர்க்கரை நோய். உங்களுக்கு ஒன்பதுக்கு மேல். அந்தச் சீட்டை பீரோவில் புடவைக்கடியில் ஒளித்தேன். திருட்டுத்தனமாகப் பார்த்தேன் என்று தெரிந்தால் நிஜமாகவே கை நீட்ட மாட்டீர்கள் என்று பயந்தேன். வைகுண்ட ஏகாதசி கழியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதற்குள் ஆலைக் களத்தில் வெறுங்காலோடு நடந்து விரலில் புண். "சின்னக் கீறல்" என்று அதையும் மறைத்தீர்கள். விரல் போயிற்று, பாதம் போயிற்று, பிறகு நீங்களும் போனீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவ்வளவு சர்க்கரை இருக்கே, வீட்டுல யாருக்கும் தெரியாதாம்மா?" என்று கேட்டார். "எப்பவும் நூத்திப் பத்துதான் டாக்டர்" என்றேன். உங்கள் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தவள் நான்தான்.

இன்று வந்த பெரியவரின் மருந்துச் சீட்டில் இரண்டு பரிசோதனையும் எழுதியிருந்தது. ஊதா மூடியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "அது வேண்டாம்மா, இன்னிக்கு சுகர் மட்டும் போதும்."

எனக்கு என்ன வந்ததோ, பட்டையை அவிழ்த்துவிட்டேன். "அப்படின்னா எந்திரிங்க. உங்களை நீங்களே ஏமாத்திக்கிறதுக்கு நான் ஊசி குத்த மாட்டேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து வாசல்வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சரி, ரெண்டையும் எடு" என்று கையை நீட்டினார்.

அவ்வளவுதான். இரண்டு குழாயையும் நிரப்பி அவர் பெயரை எழுதினேன். நீங்களும் திரும்பி வந்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களை நான் அப்படி எழுந்திருக்கச் சொன்னதே இல்லை. அந்தச் சீட்டு இன்னும் புடவைக்கடியில்தான் இருக்கிறது.