ஒரு சொட்டும் படாத முதல் பதிப்பு

கௌசிக்,

நேற்று காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள் பக்கம் போயிருந்தேன். நடைபாதைக் கடைக்காரர் ஒரு பழைய துப்பறியும் நாவலை என்னிடம் நீட்டினார். "ஃபர்ஸ்ட் எடிஷன், தீதி. ஏக் ஃபோட்டா ஜோல் லாகேனி" என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லையாம்.

எவன் கொலைகாரன் என்று நினைக்கிறேனோ அவன் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். எப்போதும் தப்பான ஆளுக்குத்தான் வைப்பேன். நீ சிரிப்பாய். அந்தப் புள்ளி அந்தப் புத்தகத்தில் இருந்தது.

உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று நான் கொடுத்துவைத்த பெட்டியில் இருந்த புத்தகம் அது. அந்தப் புயலன்று, "ஜன்னல் உடைஞ்சு பெட்டியோட எல்லாம் ஊறிப்போச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டேன்" என்று போனில் அழுதாயே! "போனால் போகட்டும்டா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று தேற்றினேன். மறுநாள் தண்ணீரில் நடந்து நியூ டவுனில் உன் வீட்டுக்குச் சாப்பாடு வேறு எடுத்துவந்தேன்.

விற்றவர் யார் என்று கடைக்காரர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

இந்தக் கதையிலும் நான் தப்பான இடத்தில்தான் புள்ளி வைத்திருந்தேன். இத்தனை வருடமும் அந்தப் புயலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா