அப்பாவுக்குக் கொடுத்த வேஷம்

புளத்கொகுபிட்டிய,
20.04.2004

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு உன் தம்பி ரெஜினோல்ட் வந்துவிட்டுப் போனான். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ரப்பர் மரமெல்லாம் நனைந்து பால்வெட்டு நின்றுபோய் வரிசை வீட்டு லயமே சும்மா உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு அழு.

உன் நாவலைச் சிங்களத்தில் படம் எடுக்க வந்தவர்கள் போன மாதத்திலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நம் தோட்டத்தில்தான் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாயே, யார் நடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? முதல் பக்கத்திலேயே நீ எழுதியிருக்கிறாய், ஆள் குள்ளம், அட்டைக் கறுப்பு, பால்வாளி சுமந்து சுமந்து இடது தோள் இறங்கினவர் என்று. பெயரை மாற்றினாலும் அது உன் அப்பா இராயப்பன்தான் என்று வாசித்த அன்றே எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அந்த வேஷத்துக்கு வந்தவரோ கொழும்பு நடிகர், நம் வீட்டு வாசலில் தலை இடிக்கிற உயரம், பால் போன்ற நிறம். தினமும் காலையில் முகத்துக்குக் கறுப்பு பூசினார்கள், மத்தியானம் வியர்வையில் அது கழுத்துக்கு இறங்கிவிடும். மரத்தில் வெட்டுகிற இடத்துக்குக் குனிய முடியாமல் முட்டி போட்டுக்கொண்டு பால் வெட்டினார், பக்கத்து வீட்டுப் புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதுவரைக்கும் எனக்கும் சிரிப்புத்தான்.

உன் கதையில் வேலைநிறுத்தத்தைத் தோட்டத்துத் துரையிடம் காட்டிக்கொடுக்கிறானே ஒருவன், அவனைத்தான் நீ உயரம், சிவப்பு, பார்க்க லட்சணம் என்று எழுதினாய். அந்த வேஷத்துக்கு ஆள் தேடி டிரெக்டர் மாத்தயா லயத்துக்கு வந்தார். வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெயா தமய் ஹரி, இவர்தான் சரி என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்தாலே காட்டிக்கொடுக்கிறவன் என்று ஜனங்கள் நம்புவார்களாம். இவரும் தலையாட்டிவிட்டார். நான் உண்மையைச் சொல்லப் போனேன், விடவில்லை. பிள்ளை எழுதின அந்தக் குள்ள ஆள் நான்தான் என்று தெரிந்தால் டிரெக்டருக்குச் சங்கடம், பிள்ளையின் படம் நின்றுவிடும் என்றார். அந்தக் காலத்தில் இவரோடு கூட நின்று வேலை இழந்த கன்னையாவையும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். காட்டிக்கொடுக்கிறவனாக நாலைந்து இடத்தில் நடித்தும் முடித்தார். பழைய கதை தெரியாத பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவரைக் கண்டால் துரையின் ஆள் வருது என்று கத்துகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டு போகிறார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எடுத்தார்கள். துரையாக வேஷம் போட்டவர் முன்னால் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிய வேண்டும், அவ்வளவுதான். அதே களம் மகளே. நீ பிறந்த வருசம் அந்தக் காலத்துத் துரை கத்தின கத்தலுக்கு மற்ற எல்லார் துண்டும் இறங்கிவிட்டது, இவரும் கன்னையாவும் மட்டும் தலைத்துண்டோடு நின்றார்கள். அதற்காக வேலை போய், பலாக்காயும் மரவள்ளியும் அவித்துத் தின்றுதான் உனக்குப் பால் கொடுத்தேன். படம் எடுத்த அன்றைக்குக் கமெரா முன்னால் அவர் கை தலை வரைக்கும் போகும், அப்படியே நின்றுவிடும். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். லயத்து ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் சொன்னார்:

“நடிக்கச் சொன்னா நடிக்கிறேங்க ஐயா. துண்டுக்கு மட்டும் கை போக மாட்டேங்குது.”

டிரெக்டர் கெட்ட மனுசன் இல்லை, கோபப்படவில்லை. மழை வந்துவிட்டது, அடுத்த மாதம் வெசாக் பண்டிகை கழிந்து வருகிறோம், அதற்குள் பழகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முகம் வருகிற எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கு வழியில்லை, படமே நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. பிள்ளை பெயரைக் கெடுத்துவிட்டேனே மெட்டில்டா என்று அதையே சொல்கிறார். இப்போது தினமும் தம்பி சவரம் செய்கிற கண்ணாடி முன்னால் நின்று துண்டை அவிழ்த்து, கக்கத்தில் வைத்து, குனிந்து பழகுகிறார். துரைக்கு இறக்காத துண்டை உனக்காக இறக்கப் பழகுகிறார். என்னால் பார்க்க முடியவில்லை, குசினிக்குள் போய்விடுகிறேன்.

படம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. டிரெக்டரிடம் உண்மையைச் சொல், வேறு ஆளைப் போடச் சொல், இல்லை நிறுத்திவிடு, உன் இஷ்டம். ஆனால் துண்டை இறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார். டவுனில் சாலி நானாவின் கொமினிகேஷன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் போன் பண்ணு. நீ போன் பண்ணுகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருப்பேன். வெசாக் தாண்டவிடாதே.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், கண்ட நேரத்தில் சாப்பிடாதே. மாதா உன் பக்கத்தில் இருந்து காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும்.

உன் அம்மா,
இ. மெட்டில்டா

கடிதத்தை மடிக்கும்போது, கண்ணாடி முன்னால் நின்ற அப்பாவை எட்டிப் பார்த்தேன். இன்றைக்குக் கை நிற்கவில்லை மகளே, துண்டு சுலபமாக இறங்கிவிட்டது. சீக்கிரம் பேசு.