பாட்டில் மூடியின் ரப்பர் வளையம்

செவ்வாய், இரவு

இவர் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து துடைத்துத் துடைத்தே என் கை தோலுரிந்துவிட்டது. கிருமி அண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்விட்ச், குழாய், டிவி ரிமோட் எதையும் நான் விடவில்லை.

சாயங்காலம் இவருடைய தண்ணீர் பாட்டிலைக் கழுவும்போது மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் கழன்று வந்தது. அது கழலும் என்பதே எனக்குத் தெரியாது. அடியில் கறுப்பாக, வழவழவென்று பூஞ்சை. தினமும் இவர் வாய் வைத்துக் குடித்தது அதில்தான்.

பாட்டிலையே குப்பையில் போட்டுவிட்டு வந்தால், "ஃபேன நிப்பாட்டு லதா, லேசா குளிருது" என்றார். வெளியே அப்படியொரு வெக்கை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் நூறத் தாண்டுச்சுன்னா உடனே கூட்டிட்டு வந்துருங்கக்கா" என்றாள் நர்ஸ். அப்போது தாண்டவில்லை.

"எதுக்கு இம்புட்டு பயப்படுற? காலைல பாத்துக்கிருவோம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பாட்டிலைப் பற்றி இவரிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தாண்டிவிட்டது. வாடிப்பட்டியிலிருந்து கொழுந்தன் காரை எடுத்துக்கொண்டு வருகிறார். மாற்றுத்துணி எடுத்து வைத்துவிட்டேன். வழியில் இவர் குடிக்கத் தண்ணீரை எதில் ஊற்றிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.