சட்டி முழுக்க உனக்குத்தான்

வாத்தியாரம்மா,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாவிய மீட்டர் பெட்டி மேலேருந்து எடுத்திருப்ப. கோழிக்குழம்பு வச்சிருக்கேன், சட்டி முழுக்க உனக்குத்தான். என் டப்பாவுல நாலு வாய் எடுத்துக்கிட்டேன், என் வயித்துக்கு அதுவே தாராளம்.

வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. நான் ஏங்கிடக் கூடாதுன்னு என் எதிர்ல நீயும் கொறிச்சுட்டு, அப்புறம் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடறத நேத்துதான் பாத்தேன். “திருட்டுத் தீனியா?”ன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட.

மாடிப்படி ஏறினா இப்ப எனக்கு மூச்சு வாங்கல. அதுல டாக்டர் பாதி, நீ பாதி. இனிமே என் பக்கத்துல உக்காந்தே வயிறார சாப்பிடு. நான் ஏங்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்

சத்து மாத்திரை போட்டாச்சு. “போட்டீங்களா?”ன்னு போன்ல அதட்ட வேணாம். இல்ல, அதட்டு. உன் குரல் கேட்டாப் போதும்.